பழைய பேப்பர் கடைக்குப் போன கோயில் புத்தகங்கள்: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் அண்ணனுக்கும், நிர்வாகக் குழுப் பெரியவர்கள் எல்லோருக்கும்,

நம் கோயில் கணக்கறையை இடிக்கப் போவது பற்றி எனக்கு வழக்கு எதுவும் இல்லை. 2025 மார்ச் 28 மியான்மர் பூகம்பத்தில் அந்தச் சுவர் மேலிருந்து கீழ்வரை விட்டுவிட்டது. எந்தப் பிள்ளை தலையில் விழுமோ என்று பயந்துகொண்டேதான் நானும் பிரகாரம் சுற்றினேன். இடியுங்கள், புது மண்டபம் கட்டுங்கள். அந்த அறையிலிருந்த தகரப் பெட்டிகளைத் திறந்து, நாள்வழி, பேரேடு, கல்யாணப் புத்தகம், வரிப் புத்தகம் என்று ஒன்று விடாமல் பழைய பேப்பர் கடைக்கு வீசைக் கணக்கில் போட முடிவெடுத்தீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதல் பெட்டி போய்விட்டது. மீதிப் பெட்டிகள் மடப்பள்ளித் திண்ணையில் சாரல் அடிக்கிற இடத்தில் கிடக்கின்றன. கூட்டத்துக்கு வந்து கேட்கலாம் என்றால் எனக்கு அங்கே இடம் கிடையாது. வீட்டுக்காரர் போன பிறகு தலைக்கட்டு வரி என் பெயரில்தான் கட்டுகிறேன். ஆனாலும் கூட்டத்துக்கு ஆம்பிளைதான் வர வேண்டும் என்ற வழக்கத்தை நீங்கள் இன்னும் விடவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். சந்தைப் பக்கத்துப் பயறு மண்டியில் கணக்கு எழுதுகிறவள். உளுந்தும் துவரையும் ரங்கூனுக்கு ஏற்றி அங்கிருந்து கப்பலில் இந்தியாவுக்குப் போகிற வியாபாரம். மூட்டை எடை, சாக்குக் கழிவு, லாரி வாடகை, ரங்கூன் பாயிந்நவுங் மொத்தச் சந்தையின் அன்றைய விலை, இதிலேயே என் பகல் கழிகிறது. எங்கள் மண்டியில் சேரும் அட்டைப் பெட்டிகளையும் பழைய பில் கட்டுகளையும் போடுகிற கடையில்தான் நீங்களும் போட்டிருக்கிறீர்கள். அங்கே தராசுக்குப் பக்கத்தில், சிமெண்டுப் பைகளுக்கும் பள்ளிக்கூட நோட்டுகளுக்கும் நடுவில், சிவப்புத் துணி ஒட்டிய நீள நோட்டு ஒன்று முதுகு உடைந்து கிடந்தது. எடுத்துப் பிரித்தேன். மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே சிவமயம், அதற்கும் கீழே 'பிரமோதூத வருஷம் சித்திரை மாதம் நாள்வழி'. கடைக்காரி பர்மியப் பெண். அவளுக்கு அது தமிழா தெலுங்கா என்றுகூடத் தெரியாது. "நல்ல கெட்டிக் காகிதம் அக்கா, வடைக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்" என்றாள்.

கையிலிருந்த காசுக்குக் கிடைத்ததை வாங்கி வந்தேன். உங்களுக்குக் கொடுத்த விலைக்கு மேல் வைத்துத்தான் எனக்கு விற்றாள். வியாபாரம் தெரிந்தவள், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மீதி எங்கே என்று கேட்டதற்கு, பாதிக் கட்டு கூழ் மில்லுக்கு லாரி ஏறிவிட்டது என்றாள்.

அந்த நோட்டின் முதல் பக்கங்களில் என்ன இருக்கிறதென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் இடிக்கப் போகிற சுவரைப் பற்றியதுதான் அது. 1930 மே 5 ராத்திரி பெகுவை உலுக்கிய பூகம்பத்தைப் பற்றி நம் எல்லார் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். ஷ்வேமோடோ பகோடா சரிந்து விழுந்தது அன்றைக்குத்தான். நம் நாள்வழியில் அந்தச் சித்திரைக் கடைசியில் தொடங்கி ஆனி முடிய ஒரே செலவுதான்: சுண்ணாம்பு, செங்கல், மூங்கில், சாரக் கயிறு, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, கொத்தனாருக்கு வெற்றிலை பாக்கு. வரவுப் பக்கத்தைப் பார்த்தால் 'ரயில் லைன் கேங்கு ஆட்கள் கொடுத்தது' என்ற தலைப்பில் நாலணா, எட்டணா, ஓர் இடத்தில் இரண்டணா. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஊர்: திருவாடானை, அறந்தாங்கி, மன்னார்குடி, பரமக்குடி. தண்டவாளத்தில் ஜல்லி தட்டிய கூலிக்காரர்கள் கொடுத்த காசில் திரும்ப எழுந்த சுவர் அது. நீங்கள் புது மண்டபத்துக்காக அச்சடித்த நன்கொடைச் சீட்டில் 'மிகப் பழைமையான ஆலயம், ஆரம்ப கால வரலாறு தெரியவில்லை' என்று போட்டிருக்கிறீர்கள். தெரியவில்லையா, தேடவில்லையா?

கணக்கெழுதுகிறவள் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். அந்தக் கையெழுத்தை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். ரூபாய், அணா, பை என்ற மூன்று கலமும் நூல் பிடித்த மாதிரி இறங்குகிறது. ஒரே ஓர் இடத்தில் கூட்டலில் அரையணா விட்டுப்போயிருக்கிறது. அதையும் அடுத்த பக்கத் தலைப்பில் 'முன் பக்கம் பிசகு, அரையணா' என்று அவரே எழுதி நேர் செய்துவிட்டார். சென்ற வருஷம் நீங்கள் பலகையில் ஒட்டிய வரவு செலவு அறிக்கையைப் பற்றி இங்கே நான் பேச வரவில்லை.

பழைய காகிதம் மேல் ஆசைப்பட்டு இதை எழுதுவதாக நினைத்துவிடாதீர்கள். என் குடும்பம் இந்த நாட்டில் காலூன்றி நிற்பதற்கு அந்தப் பெட்டிகளில் ஒன்று காரணம்.

தாத்தா லைன் கேங்கில் வேலை பார்த்தவர். பிழைக்க வந்தவர் காகிதம் எதையும் சேர்த்து வைக்கவில்லை. சுதந்திரம் வந்து 1948ல் குடியுரிமைச் சட்டம் போட்டபோது யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை, அவரும் மனுப் போடவில்லை. எஃப்.ஆர்.சி. என்ற வெளிநாட்டார் பதிவுச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார். அப்பா இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், தமிழைவிடப் பர்மிய மொழியைச் சரளமாகப் பேசியவர். அவரும் சட்டத்தின் கண்ணில் வெளியாள்தான். பிறகு 1982 அக்டோபர் 15 சட்டம் வந்தது. 1823க்கு முன் குடியேறிய இனங்களுக்கு ஒரு கணக்கு, 1948 சட்டத்தில் மனுப் போட்டிருந்தவர்களுக்கு ஒரு கணக்கு, அதிலும் சேராத எங்களைப் போன்றவர்களுக்குக் கடைசிக் கணக்கு. 1948 ஜனவரி 4க்கு முன்பே வந்து குடியிருந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும், ஐயத்துக்கு இடமில்லாத சான்று காட்டினால் இயல்புரிமைக் குடிமக்களுக்கான பச்சை அட்டைக்கு மனுப் போடலாம் என்றார்கள். சட்டப் புத்தகத்தில் அது ஒரு வரி. லவக என்கிற குடிவரவு ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள், அந்த ஒரு வரிக்கு எவ்வளவு நீளம் என்று தெரியும்.

அப்பாவிடம் என்ன சான்று இருந்தது? வீட்டுப் பட்டியலில் அவருக்குப் பர்மியப் பெயர். தாத்தாவின் ரயில்வே சம்பளச் சீட்டு ஒன்றில் அரைகுறை எழுத்துக்கூட்டலில் ஒரு பெயர். இரண்டும் அப்பனும் மகனும்தான் என்று எதை வைத்துச் சொல்வது? நம் கோயில் கல்யாணப் புத்தகத்தை வைத்துத்தான். பிரமாதி வருஷம் ஆவணி மாதம், அதாவது 1939ல், தாத்தாவுக்கும் அப்பாயிக்கும் இந்தச் சன்னிதியில் தாலி கட்டியதைப் பதிந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர், இங்கே குடியிருக்கும் லைன் வீட்டு எண், செய்யும் வேலை, பெண் வீட்டுக்கும் அதே விவரம், சாட்சிக் கைநாட்டு, கோயிலுக்கு வரவு ஒன்றே கால் ரூபாய். அதே புத்தகத்தின் பின்பக்கத்தில் பிள்ளை பிறந்து பெயர் வைத்த பதிவு. அப்பாவின் தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய பர்மியப் பெயரும் இருக்கிறது. அப்பா மனுப் போட்ட காலத்தில் கோயில் கணக்குப் பார்த்த பெரியவர் இப்போது இல்லை. அந்தப் புத்தகத்தைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அப்பாவோடு லவக ஆபீசுக்கே வந்தார். அதிகாரிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்துப் பர்மிய மொழியில் சொன்னார். அதிகாரி தாளைத் தடவிப் பார்த்தார், மையைப் பார்த்தார், முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் புரட்டி நடுவில் சொருகிய தாளா என்று பார்த்தார். அந்தப் புத்தகம் மட்டும் போதவில்லை; சம்பளச் சீட்டும் ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் சேர்ந்துதான் மனு நின்றது. ஆனால் புத்தகம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் உதிரி.

பல வருஷம் கழித்து என் மகளுக்கு முழுக் குடியுரிமைக்கான இளஞ்சிவப்பு அட்டைக்குப் போனபோது கேள்வியைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார்கள். பச்சை அட்டை எப்படி வந்தது, யார் வழி, எந்த வருஷம்? அந்தப் பழைய மனுவின் நகலில் ஒட்டியிருந்த கோயில் பதிவைக் காட்டித்தான் வெளியே வந்தோம். இன்றைக்கு அவள் தொலைதூர பஸ்ஸில் ஏறவும், சிம் கார்டு வாங்கவும், வங்கியில் கணக்குத் திறக்கவும் அந்த அட்டைதான் வழி. நம் தெருவிலேயே அட்டை இல்லாமல் பக்கத்து டவுனைத் தாண்டிப் போகப் பயப்படுகிற குடும்பங்கள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாதா? அவர்களுடைய தாத்தா பெயர் எந்தப் பெட்டியில் இருந்தது? லாரியில் போன பெட்டியிலா, திண்ணையில் நனைகிற பெட்டியிலா?

சர்க்காரிடம் இருக்குமே, கோயில் எதற்குச் சுமக்க வேண்டும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். 1941ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின் விவரத் தாள்கள் பெரும்பாலும் யுத்தத்தில் அழிந்துபோயின. தாத்தா, பாட்டன் இந்த நாட்டில் இருந்ததற்குச் சர்க்காரிடம் சாட்சி இல்லாத காலம் அது. அந்தக் காலத்துக்குத்தான் நம்மிடம் புத்தகம் இருக்கிறது. இருந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் வாங்கி வந்ததில் யுத்த காலத்து நாள்வழியும் ஒன்று. 1941 டிசம்பர் 23 ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு வரவுப் பக்கம் காலி. செலவுப் பக்கம் மட்டும் நிறைகிறது. விளக்கெண்ணெய், கற்பூரம், அப்புறம் நாள் தவறாமல் 'நடைக்காரருக்குக் கஞ்சி' என்று அரிசிக் கணக்கு, படியளவில். ரங்கூனை விட்டு வடக்கே நடந்து, தமு வழியாக மணிப்பூர் போய்ச் சேரலாம் என்று கிளம்பிய சனம் நம் கோயிலில் தங்கிப் போனதாக அப்பாயி சொல்லுவார். அந்த அரிசி எத்தனை படி என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறம் கையெழுத்து மாறுகிறது. 'ஜப்பான் ரூபாய்' என்று தனிக் கலம் வருகிறது. கற்பூரம் அணாவில் இருந்தது ரூபாய்க்குத் தாவுகிறது, ரூபாய் பத்தாகிறது, பத்து நூறாகிறது. 1945ல் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்: 'பெட்டியில் உள்ள ஜப்பான் நோட்டு முழுவதும் செல்லாது.'

செல்லாத நோட்டு நமக்குப் புதிதா என்ன? அதே வரி 1964லும் வருகிறது. 1962 மார்ச் 2ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963லும் 1964லும் வங்கி, மில், கடை என்று ஒவ்வொன்றாக அரசு எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த மாதம் உண்டியல் திறந்த கணக்கைப் பாருங்கள். வழக்கமாக ஒரு கியாட்டும் சில்லறையும் விழுகிற உண்டியலில் கட்டுக் கட்டாக நூறு. வேண்டுதலுக்குப் போட்டார்களா, வீட்டில் வைத்திருக்கப் பயந்து போட்டார்களா என்று நாள்வழிக்காரர் எழுதவில்லை. எண்ணித் தனிக் கலத்தில் குறித்து, கூட்டலில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்.

இப்போது நான் உங்களிடம் கேட்க வேண்டிய முக்கியமான புத்தகத்துக்கு வருகிறேன். அது என்னிடம் இல்லை. பேப்பர் கடையிலும் கண்ணில் படவில்லை. சாயங்கால வகுப்பில் தமிழ் படித்த காலத்தில், வாத்தியாருக்குப் பெட்டி துடைக்க உதவி செய்தபோது அதைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய நீல அட்டை நோட்டு, மேலே 'ஊருக்குப் போனவர்கள்' என்று எழுதியிருக்கும். 1964லிருந்து அடுத்த சில வருஷங்களில் இந்த நாட்டை விட்டு இந்தியக் குடும்பங்களில் சுமார் 3 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். சேமிப்பைக் கொண்டுபோகக் கூடாது, நகையைக் கொண்டுபோகக் கூடாது. காதில் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன பெண்களைப் பற்றி அம்மா சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். நம் ஊரிலிருந்து போனவர்கள் தூக்க முடியாததைக் கோயிலில் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, தையல் மிஷின், ஆட்டுக்கல், ஒரு வீட்டுக்காரர் ஆர்மோனியப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் நேராகப் பெயர், போகிற ஊர், அதற்கு அடுத்த கலத்தில் 'திரும்பி வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னது'. அன்னதானத்தன்று நீங்கள் வரிந்து கட்டிக்கொண்டு சாம்பார் கிண்டுகிறீர்களே, அந்தப் பெரிய அண்டா யார் வீட்டுது? அந்த நோட்டில் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது நினைவிருக்கிறதா? பாட்டி இந்தக் கோயிலில்தான் பால்குடம் எடுத்தாராம், பெயர் ஏதாவது பதிந்திருக்குமா என்று கேட்டார்கள். மாலை போட்டீர்கள், படம் எடுத்துக்கொண்டீர்கள், நன்கொடை வாங்கிக்கொண்டீர்கள், அந்தக் காலத்து ஆவணம் எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினீர்கள். கணக்கறைச் சாவி அப்போது செயலாளர் அண்ணன் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நீங்கள் சொல்கிற காரணங்களையும் பார்த்துவிடுவோம். இடமில்லை என்கிறீர்கள். ஐந்நூறு பேர் உட்காரும் மண்டபம் கட்டுகிறவர்களுக்கு ஒரு இரும்பு அலமாரிக்கு இடமில்லை என்பதை நான் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் படிக்கத் தெரியவில்லை என்கிறீர்கள். பள்ளிக்கூடங்கள் எல்லாம் அரசு வசம் போன பிறகு நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கிடைத்தது கோயில் வகுப்பில்தான். அதையும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரமாகச் சுருக்கியது யார்? படிக்கத் தெரிந்தவள் கூப்பிடு தூரத்தில் மண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். பழைய தமிழ் இலக்கமும் எனக்கு வரும், வருஷப் பெயரும் வரும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாவது காரணத்தை நீங்கள் வெளியே சொல்லவில்லை, ஆனால் அதுதான் உண்மையான காரணம் என்று எனக்குப் படுகிறது. பயம். அதை நான் கேலி செய்ய மாட்டேன். 2021 பிப்ரவரி 1ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ராத்திரி வீட்டில் தங்குகிற விருந்தாளியின் பெயரைக்கூட எழுதிக் கொடுக்கிற காலம் இது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்ததிலிருந்து, 18லிருந்து 35 வயசுக்குள் பையனும் 18லிருந்து 27 வயசுக்குள் பெண்ணும் உள்ள வீடுகளில் 'பெயர்ப் பட்டியல்' என்றாலே அடிவயிறு கலங்குகிறது. என் வீட்டிலும் அந்த வயசில் பிள்ளை உண்டு. ஆகவே இப்போதைய வரி நோட்டில், பிள்ளைகளின் வயசு போட்ட பக்கங்களை என்ன செய்வது என்பதில் நான் தலையிடவில்லை. அதை நீங்களும் அந்தந்தக் குடும்பத்தாரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஆனால் 1930ல் சுவருக்கு நாலணா கொடுத்த கேங்குக் கூலியை எந்தப் பட்டாளமும் வந்து கூப்பிடப் போவதில்லை. அதோடு, மறைத்து வைக்க வேண்டிய காகிதம் என்று பயப்படுகிறவர்கள் அதைப் பட்டப்பகலில் சந்தையில் எடை போட்டா விற்பார்கள்? முதல் பெட்டியில் எந்த வருஷத்துப் புத்தகங்கள் இருந்தன என்று உங்களில் யாராவது பார்த்தீர்களா? பார்க்காமலே கொடுத்திருந்தால், நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அதுவே இப்போது வடைக்காரர் கூடையில் இருக்கலாம்.

புது மண்டபத்துக் கல்வெட்டைப் பற்றியும் கேள்விப்பட்டேன். ஒரு தொகைக்கு மேல் கொடுக்கிறவர்கள் பெயர் மட்டும் பொறிக்கப் போகிறீர்களாம். உங்கள் விருப்பம். கொடுத்தவர் பெயர் கல்லில் நிற்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்றுகிறதல்லவா, இரண்டணா கொடுத்தவனுக்கும் அது தோன்றியிருக்கும். அவன் பெயர் காகிதத்தில் இருக்கிறது; அதையாவது விட்டுவைக்கலாம்.

நான் கேட்பது இவைதான். இந்த மடல் கைக்கு வந்த அன்றே மீதிப் பெட்டிகளைத் திண்ணையிலிருந்து எடுத்து நனையாத இடத்தில், தரையில் படாமல், செங்கல் அடுக்கி மேலே வையுங்கள். விற்பனை முடிவை ரத்து செய்ததாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பேப்பர் கடைக்கும் அவள் லாரி ஏற்றிவிட்ட மில்லுக்கும் ஓர் ஆளை அனுப்பி, மிஞ்சியது ஒரு தாளானாலும் திரும்ப வாங்குங்கள். பணம் கோயில் கணக்கிலிருந்து போகட்டும். போதாவிட்டால் மகளிர் குழு உண்டியலில் நாங்கள் தருகிறோம்.

பெட்டிகளை யாரும் தனியாகத் திறக்க வேண்டாம். நிர்வாகத்தில் இரண்டு பேர், பெண்களில் இரண்டு பேர், ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளில் படிக்கத் தெரிந்த ஒருவர் என்று உட்கார்ந்து திறப்போம். புத்தகத்தின் பெயர், வருஷம், பக்கம் எத்தனை, பூச்சி அரித்ததா இல்லையா என்று பட்டியல் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். நீல அட்டை நோட்டு இருக்கிறதா என்பதை அன்றைக்கே அறிவிக்க வேண்டும். கரண்டை நம்பாமல் பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுப்போம். பிள்ளைகள் செய்வார்கள், நான் கூட இருந்து வருஷம் மாதம் படித்துச் சொல்கிறேன். அந்தப் படங்களின் பிரதி கோயிலில் ஒன்று, வெளியூரில் நம்பகமான இடத்தில் ஒன்று. எந்தப் பக்கத்தையும் யாரும் ஃபேஸ்புக்கில் போடக் கூடாது. 1962க்குப் பிந்திய பக்கங்களை அந்தந்தக் குடும்பத்தாரைத் தவிர யாருக்கும் காட்டக் கூடாது. அட்டை மனுவுக்காக எந்தக் குடும்பம் கேட்டு வந்தாலும், காசு வாங்காமல், பர்மிய மொழிபெயர்ப்போடு, கோயில் முத்திரை வைத்து நகல் கொடுக்க வேண்டும்.

மண்டபத்தின் வரைபடத்தில் கணக்கறை மறுபடி வர வேண்டும். சின்ன அறை போதும், கதவில் இரண்டு பூட்டு, சாவி இரண்டு பேரிடம். சுவரை இடிப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து, 1930 நாள்வழியில் உள்ள கேங்கு ஆட்கள் பெயரையும் ஊரையும் அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் ஒட்டுங்கள். தங்கள் தாத்தா பெயரைப் பார்த்து யாராவது வரக்கூடும். வரி கட்டுகிற பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்து பேசவும் கை தூக்கவும் உரிமை உண்டு என்று இந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். இந்தப் பேச்சை நான் உள்ளே பேசியிருந்தால் ஊர் முழுக்கப் படிக்க வேண்டி வந்திருக்காது.

ஆடி முதல் வெள்ளிக்குள் பதில் வேண்டும். பூசை முடிந்ததும் மைக்கில் சொல்லி முடித்துவிடாதீர்கள், எழுத்தில் பலகையில் போடுங்கள். நான் வாங்கி வைத்திருக்கும் புத்தகங்கள் கோயில் சொத்து. ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பெயர், வருஷம், பக்க எண்ணிக்கை எழுதி, தலைவர் ஐயாவும் பொருளாளரும் கையெழுத்திட்ட ரசீது கொடுங்கள். ரசீது இல்லாமல் ஒரு தாளும் என் வீட்டுப் படியைத் தாண்டாது.

இப்படிக்கு,
தலைக்கட்டு வரி கட்டும் உறுப்பினர் ஒருத்தி,
பெகு வட்டாரம்